சாய்தளத்தில் உராய்வு செய்யும் வேலை: விடைத்தாளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

பல வருடங்களாக இயற்பியல் விடைத்தாள் திருத்துகிறேன். சாய்தளக் கணக்கு வந்தாலே பல மாணவர்கள் உராய்வுக் குணகத்தை (பரப்பு தாங்கும் விசையில் உராய்வு எத்தனை பங்கு என்று சொல்லும் எண்) எடையால் பெருக்கி, அதைத் தூரத்தால் பெருக்கி, உராய்வின் வேலை இதுதான் என்று விடை எழுதிவிடுகிறார்கள். இது சமதளத்துப் பழக்கம். சாய்தளத்தில் பரப்பு பொருளின் முழு எடையையும் தாங்குவதில்லை, எடையைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் வரும் பங்கை மட்டும்தான் தாங்குகிறது.

30 டிகிரி சாய்வு, 5 மீட்டர் நீளம், 10 கிலோ பெட்டி, உராய்வுக் குணகம் 0.2, பெட்டி உச்சியில் ஓய்விலிருந்து சறுக்கி அடிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 98 நியூட்டன், பரப்புக்குச் செங்குத்தாகப் பரப்பு தாங்கும் விசை சுமார் 84.9, உராய்வு சுமார் 17 நியூட்டன். இயக்கத்துக்கு எதிர்த்திசை என்பதால் வேலை மைனஸ் 84.9 ஜூல். கொசைனை மறந்தவருக்கு மைனஸ் 98 வரும்.

சரி, விடை சரியா என்று எப்படிப் பார்ப்பது? ஆற்றல் கணக்கை எழுதுங்கள். உயரம் 2.5 மீட்டர், புவியீர்ப்பு கொடுத்தது 245 ஜூல், உராய்வு எடுத்தது போக மீதி சுமார் 160, அதாவது அடியில் வேகம் நொடிக்கு 5.66 மீட்டர். உராய்வே இல்லாவிட்டால் 7 மீட்டர். குணகமே கொடுக்காமல் அடியில் உள்ள வேகத்தை மட்டும் கொடுத்திருந்தாலும் இந்த வழியிலேயே உராய்வின் வேலையைக் கண்டுபிடித்துவிடலாம், அதனால்தான் எனக்கு இந்த முறை மேல் அவ்வளவு பிடிப்பு.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொரு தவறு. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.8 என்று கொடுத்து, அதே சாய்தளத்தில் அசையாமல் வைத்த அதே பெட்டியைப் பற்றிக் கேட்டால், அப்போதும் அதே சூத்திரத்தைப் போட்டு உராய்வு 67.9 நியூட்டன் என்கிறார்கள். சாய்தளத்தின் வழியே எடை கீழே இழுப்பதோ வெறும் 49. அப்படியென்றால் பெட்டி தானாக மேலே ஏற வேண்டுமே! 67.9 என்பது உச்ச வரம்பு, உண்மையில் அங்கே இருக்கும் உராய்வு 49 நியூட்டன்தான். பெட்டி நகரவே இல்லை, ஆகவே வேலை பூஜ்யம். சறுக்குமா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பெருக்குங்கள்.

பெட்டியை அடியிலிருந்து தள்ளிவிட்டு, அது உச்சியைத் தொட்டுத் திரும்பி வந்தால் இரண்டு வேலையும் கழிந்துபோகும் என்று நினைப்பவர்களும் உண்டு. புவியீர்ப்புக்குத்தான் அது பொருந்தும். உராய்வு ஏறும்போதும் எதிர்க்கிறது, இறங்கும்போதும் எதிர்க்கிறது. முதல் பெட்டிக்கே போய் வந்த கணக்கைப் போட்டால் மைனஸ் 169.7 ஜூல், அது முழுவதும் பெட்டியையும் பரப்பையும் சூடாக்கப் போய்விட்டது.