அணுக்கழிவுக்குக் கல்லில் ஓர் இடம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மஞ்சளும் பழுப்புமாகச் சில மணிகள் கிடக்கும். அதுதான் மோனசைட். அதன் படிகத்துக்குள் கதிரியக்கத் தனிமங்களான தோரியமும் கொஞ்சம் யுரேனியமும் இருக்கின்றன. பாறை சிதைந்து, ஆறு உருட்டி, அலை புரட்டியும் அவை உள்ளேயே தங்கிவிட்டன.

அணு உலைக் கழிவையும் இப்படிக் கல்லுக்குள் அடைத்துவிட முடியாதா? 1978இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் டெட் ரிங்வுட் அதற்கென்றே ஒரு செயற்கைப் பாறையை முன்வைத்தார். பெயர் சின்ராக்.

இப்போது உலகெங்கும் நடைமுறையில் இருப்பது கழிவைக் கண்ணாடியோடு உருக்கி வார்ப்பது. நம் நாட்டிலும் அப்படித்தான். கண்ணாடியில் அணுக்களுக்கு ஒழுங்கான வரிசை கிடையாது. படிகத்திலோ ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. அளவும் மின்னூட்டமும் பொருந்தினால் வேற்று அணுவும் அங்கே அமர்ந்துகொள்ளும். கழிவில் உள்ள ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைப் போன்றது என்பதால், சின்ராக்கில் உள்ள பெரோவ்ஸ்கைட் என்ற கனிமத்தில் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. யுரேனியமும் புளூட்டோனியமும் பெரும்பாலும் ஜிர்கோனோலைட் என்ற இன்னொரு கனிமத்துக்குப் போகின்றன. கழிவுக் கரைசலை டைட்டானியம், ஜிர்கோனியம் முதலியவற்றின் ஆக்சைடுகளோடு கலந்து, உலர்த்தி, சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் அழுத்தினால் இந்தக் கனிமங்கள் தாமாகவே உருவாகின்றன. சுடுநீரில்கூட இவை மிக மிகக் குறைவாகவே கரையும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சீசியத்தின் கதை. பெரிய அணு அது, நீரிலும் எளிதில் கரைந்து ஓடிவிடும். அதற்கு ஹாலண்டைட் என்ற கனிமத்தில் நீண்ட சுரங்கம் போன்ற வழிகள் இருக்கின்றன. சீசியம் 137இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 30 ஆண்டு; சிதைந்தால் பேரியமாகிவிடும். சரி, ஆள் மாறினால் கல் உடையாதா? அந்தச் சுரங்கங்களில் ஏற்கெனவே குடியிருப்பதே பேரியம்தான்!

புளூட்டோனியம்தான் பெரிய தலைவலி. புளூட்டோனியம் 239இன் அரை ஆயுள் சுமார் 24,100 ஆண்டு. ஒவ்வோர் அணுவும் ஆல்ஃபா துகளை உமிழும்போது பின்னுக்கு உதைக்கப்பட்டு, சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான அணுக்களை இடம் பெயர்த்துவிடுகிறது. காலப்போக்கில் படிகம் ஒழுங்கிழந்து வீங்குகிறது. யுரேனியம் மிகுந்த, ஜிர்கான் என்ற கனிமத்தின் பழைய கற்களில் இந்தக் குலைவைக் காணலாம்.

மோனசைட் அப்படி ஆவதில்லை. ஜிர்கானைவிட அதிகக் கதிர்வீச்சைத் தாங்கியும் அதன் படிக ஒழுங்கு பெரும்பாலும் குலைவதில்லை. காரணம், உமிழப்படும் ஆல்ஃபா துகள் போகும் வழியில் எலக்ட்ரான்களைக் கிளர்த்துகிறது; அந்த ஆற்றலில் பெயர்ந்த அணுக்கள் தம் இடத்துக்குத் திரும்புகின்றன. உதையும் அதே சிதைவால்தான், மருந்தும் அதே சிதைவால்தான். புளூட்டோனியத்தை அடைக்க ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் மோனசைட்டைச் செய்து பார்ப்பது இதனால்தான்.