மானுக்குப் புல் விதைக்கலாமா, டாக்டர்?

மசினகுடிப் பக்கம் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், தன் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வந்திருந்தார். ஊசி போட்டு முடித்ததும் போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் ஏதோ ஒரு பண்ணை. காட்டோரம் அரை ஏக்கர் பச்சைப் பசேலென்று விளைந்து கிடக்கிறது. சாயங்கால வெளிச்சத்தில் வெள்ளைவால் மான்கள் ஒவ்வொன்றாக வந்து மேய்கின்றன.

"இதே மாதிரி நம்ம பின்பக்கம் விதைச்சா மான் வரும்ல டாக்டர்? கெஸ்ட் ரூம்ல இருந்தே பாத்துக்கலாம்."

வரும், அதில் சந்தேகமே இல்லை. வந்த பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் அன்று அவரிடம் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த வீடியோ. அங்கே அதற்கு 'ஃபுட் பிளாட்' என்று பெயர். குளோவர், ஓட்ஸ், டர்னிப் போன்றவற்றை விதைப்பார்கள். விதைப்பவர்களில் பெரும்பாலானோர் வேட்டைக்காரர்கள். சட்டப்படி உரிமம் வாங்கி, பருவம் பார்த்துச் சுடுகிறவர்கள். மான் எந்த நேரம், எந்த வழியாக வரும் என்று வருஷக்கணக்கில் கவனித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கவனித்ததில் எனக்குப் பிடித்த விஷயம், ஆணும் பெண்ணும் ஒரே வயலை இரண்டு விதமாகப் பயன்படுத்துவதுதான்.

பெட்டை மான்கள் தாய், மகள், பேத்தி என்று குடும்பமாக வாழ்கின்றன. பொழுது இருக்கும்போதே வயலுக்கு வந்துவிடும். பால் கொடுக்கிற மானுக்கு இரட்டிப்புப் பசி. குட்டியையும் பார்த்துக்கொண்டு அவசரமாக மேயும். வயது முதிர்ந்த ஆண் அப்படி வராது. வயலின் ஓரத்து மரங்களுக்குள் நின்று மோப்பம் பிடிக்கும். நன்றாக இருட்டிய பிறகே காலை வெளியே வைக்கும். நவம்பரில் இணைசேரும் பருவம் வந்துவிட்டால் அதற்குப் புல்லே கண்ணில் படாது. அப்போது அது வயலுக்கு வருவது அங்கே மேயும் பெட்டைகளைத் தேடித்தான். தின்ன மறந்து அலைந்து, அந்தப் பருவத்தில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழக்கும்.

நம் பழந்தமிழ் ஆணைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் குட்டியை மறி என்றும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னது. இப்போது நமக்கு எல்லாமே 'மான்'.

சரி, நம் புள்ளிமானுக்கு வருவோம். வெள்ளைவால் மானைப் போல இதற்குக் கறாரான ஒற்றைப் பருவம் கிடையாது. ஒவ்வொரு ஆணுக்கும் கொம்பு முளைப்பதும் உதிர்வதும் அதனதன் கணக்கு. அதனால் முதுமலைச் சாலையில் ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்போடு ஒன்று, தோல் மூடிய இளங்கொம்போடு ஒன்று, கொம்பே இல்லாமல் ஒன்று என்று எந்த மாதமும் பார்க்கலாம். கொம்பு முற்றிய ஆண் ஒரு கூட்டத்திலேயே தங்குவதில்லை. கூட்டம் விட்டுக் கூட்டம் போய்ப் பெட்டைகளை மோந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஆக, பெட்டைகள் கூடுகிற இடம் எதுவோ, அங்கே ஆண்களும் வந்து சேரும். நீங்கள் புல் போட்டுப் பத்துப் பெட்டைகளை வரவழைத்தால், கூடவே ஆண்களின் சண்டையையும் வரவழைத்ததாகத்தான் அர்த்தம்.

என் மேசைக்கு வருகிற கேஸ்களிலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. புள்ளிவிவரம் எடுத்ததில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். ஆண்களுக்குப் பெரும்பாலும் கயிற்றால் ஆபத்து. கொம்பு முற்றும்போது செடியிலும் வேலியிலும் தேய்க்கும். அப்படித் தேய்க்கும்போது நைலான் வலை, துணிக்கொடி, விடுதிக்காரர்கள் மரத்தில் சுற்றும் சீரியல் லைட் வயர் எல்லாம் கொம்பில் மாட்டிக்கொள்ளும். பெட்டைகளுக்குக் குப்பை. உப்பும் மசாலாவும் ஒட்டிய பிளாஸ்டிக் கவரை நக்கிக்கொண்டே விழுங்கிவிடும். அது வயிற்றில் சுருண்டு சுருண்டு வடக்கயிறு மாதிரி இறுகிப் போயிருக்கும். பிரேதப் பரிசோதனையில் அதை உருவி எடுக்கும்போது பக்கத்தில் நிற்கிற வனக்காவலர்கள் ஒன்றும் பேசமாட்டார்கள்.

கவர் வேண்டாம், நல்ல சோறே போடுகிறோம் என்பார்கள் சிலர். அங்கேதான் பெரிய தப்பு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஏதாவது ஒரு கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று பாருங்கள். ஆசையாக ஊட்டிய சர்க்கரைப் பொங்கலைத் தின்று வயிறு கனத்து, அசைபோடாமல், தள்ளாடியபடி மாடுகள் வந்து நிற்கும். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் இருப்பது புல்லைச் செரிக்கப் பழகிய நுண்ணுயிர்கள். திடீரென்று சோறும் ரொட்டியும் குவிந்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தைக் கொட்டும். சாதாரணமாக 6-க்கு மேல் இருக்கிற பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்கும் கீழே இறங்கிவிடும். வயிற்றின் உள்சுவர் வெந்து உரியும். மாட்டுக்கு ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றலாம், குளுக்கோஸ் ஏற்றலாம். மானுக்கு யார் ஊற்றுவது? அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றைக் காட்டோரம் கொட்டிய ஒரு இடத்துக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்த ஒரு பெட்டையை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். வயிறு முழுக்கப் புளித்த கஞ்சி. மடியில் பால் இருந்தது. குட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் சோறு போடலியே டாக்டர், புல்லுதானே?" என்றார் விடுதிக்காரர். நியாயமான கேள்விதான். புல் வயிற்றைக் கெடுக்காது. ஆனால் மான் மனுஷனுக்குப் பழகிவிடும். இரவில் புள்ளிமான்கள் ஊரோரத்து வெட்டவெளியில் வந்து படுப்பது புதிதல்ல. செந்நாயும் புலியும் அங்கே வரத் தயங்கும் என்று அவற்றுக்குத் தெரியும். தினமும் ஒரே இடத்தில் தீனி கிடைத்தால் அது இன்னும் நெருங்கும். அப்புறம் தெருநாய்க்கும் ஓடாது. மானைத் தேடிச் சிறுத்தை வரும்; மான் கிடைக்காத அன்று உங்கள் நாயைத் தூக்கும். ஊர் மாடுகள் மேய்கிற இடத்திலேயே மானும் மேய்ந்தால் கோமாரி தொற்றவும் வழி இருக்கிறது.

இந்தக் கூட்டம் சேர்க்கிற விஷயத்தில் அமெரிக்கர்களே இப்போது கையைச் சுட்டுக்கொண்டு நிற்கிறார்கள். 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் தெரியவந்த ஒரு மெலிவு நோய், இன்று அங்கே பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. மூளையைத் தின்னும் நோய், மருந்து கிடையாது. எச்சில் வழியாகவும் பரவும் என்பதால் மானுக்குத் தீனி கொட்டுவதைப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன அல்லது கட்டுப்படுத்தியிருக்கின்றன.

இன்னொன்று. காயம்பட்ட மானைக் கண்டால் பத்துப் பேர் சேர்ந்து துரத்திப் பிடிக்காதீர்கள். துரத்தலில் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து, காப்பாற்றிவிட்டோம் என்று நாம் நினைத்த மான் மறுநாளோ அதற்கடுத்த நாளோ செத்துப்போகும். நாய்களை விரட்டுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். தானாக விழுந்து கிடந்தால் கண்ணை மட்டும் ஒரு துணியால் மூடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம்.

விடுதிக்காரரிடம் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: உங்கள் பட்டா நிலத்தில் புல்லை வளரவிடாமல் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியை (லாண்டானா) வேரோடு எடுங்கள், குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள், மரத்தில் சுற்றிய வயரைக் கழற்றுங்கள். உண்ணிச்செடி போனால் அங்கே இயற்கையான புல் தானே எழும்பும். வருகிற மான் வரட்டும், போகிறது போகட்டும்.

மூன்று மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். வேலிக்கு அந்தப் பக்கம், கொம்பில்லாத ஒரு மான். "பெட்டை வந்திருக்கு டாக்டர்!" பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்து தடித்திருந்தது, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இரண்டு வட்டத் தழும்பு. இப்போதுதான் கொம்பு உதிர்த்த ஆண் அது.

பதில் எழுதினேன்: "ஆண் மான். உதிர்ந்த கொம்பு பக்கத்தில் கிடந்தால் தொடாதீர்கள். அது அரசாங்கச் சொத்து."

"ஹால்ல மாட்டியாச்சே டாக்டர்."

48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்கிற சட்டப் பிரிவைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. சாயங்காலம் ரேஞ்சர் ஆபீசிலிருந்து ஒரு செல்ஃபி வந்தது, கையில் கொம்போடு.