பின்விளைவு என்று எழுதாதீர்கள்

பக்கத்து வீட்டு அக்கா ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு வந்தார். கையில் கொடுத்தனுப்பிய தாளில் ‘பின்விளைவுகள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. “பின்னாடி ஏதாவது வந்துடுமா தம்பி?” என்று கேட்டார். கீழே இருந்ததோ கைவலி, அசதி, லேசான காய்ச்சல்.

சொல்லின் கதை சின்னதுதான். ஆங்கிலத்து ‘சைடு எஃபெக்ட்’டை அப்படியே பெயர்த்துப் ‘பக்க விளைவு’ ஆக்கினோம். அழகில்லை, ஆனால் ஊன்றிவிட்டது. மருந்துக்கடையில் சொன்னால் பாட்டிக்கும் புரிகிறது. அதோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ‘பின்விளைவு’டன்தான். “பின்விளைவுகளைச் சந்திக்க நேரிடும்” என்று அறிக்கையில் மிரட்டுவார்களே, அந்தச் சொல் அது. காலம் கடந்து வந்து தலையில் விடியும் கேடு. இரண்டு நாளில் போய்விடும் கைவலிக்கு அதைச் சூட்டினால் அக்கா பயப்படாமல் என்ன செய்வார்?

இதைவிடப் பெரிய கோளாறு ‘விளைவு’ என்ற பாதியில் இருக்கிறது. விளைவு என்றால் இதிலிருந்து அது விளைந்தது என்று பொருள், காரணம் தீர்ப்பாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசிக்குப் பிறகு நேரும் எந்த உடல்நலக் கேட்டையும் முதலில் ‘நிகழ்வு’ என்றே பதிகிறது. ஊசிதான் காரணமா என்பதை அப்புறம் ஆராய்கிறார்கள். மருந்தின் தன்மை, தயாரிப்புக் குறை, போட்டவரின் தவறு, ஊசி பயம், வெறும் தற்செயல் என்று ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ‘நிகழ்வை’ கூசாமல் ‘விளைவு’ ஆக்கிவிடுகிறார்கள். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா ஊசி போட்டுக்கொண்டு 17 அன்று மறைந்தபோது ஊரெல்லாம் பேசியது ‘பின்விளைவு’தான். அது தற்செயல், ஊசியோடு தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு பிறகு சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்தது?

சரி, உடலுக்குள் நடப்பதற்கு என்ன சொல்? ‘எதிர்வினை’ என்பேன். வேதியியல் பாடம் மாதிரி இருக்கிறது என்கிறார் ஒரு நண்பர். அது வேதிவினை ஐயா, வேறு. எதிர்வினை என்றதும் வினை செய்வது யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. செய்வது நம் உடல். புதுப்பொருள் நுழைந்ததும் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்ற தகவல் புரதங்களைச் சுரக்கின்றன, அவற்றின் தூண்டலில் மூளை உடல் சூட்டை ஏற்றுகிறது. மருந்து ஒன்று, உடல்கள் வேறு. அதனால்தான் ஒருவர் மறுநாள் வேலைக்குப் போகிறார், இன்னொருவர் போர்வையைவிட்டு எழுவதில்லை. ஃபைசர் கொரோனா ஊசி ஆய்வில் இரண்டாம் தவணைக்குப் பின் 55 வயது வரையுள்ளவர்களில் 16% பேருக்குக் காய்ச்சல், அதற்கு மேற்பட்டவர்களில் 11%. பெண்கள் பொதுவாக ஆண்களைவிட அதிகம் படுகிறார்கள். ஃபைசரில் இரண்டாம் ஊசி படுத்தியது என்றால் கோவிஷீல்டில் முதல் ஊசி. எதிர்பார்ப்புக்கும் பங்குண்டு: 12 கொரோனா ஊசி ஆய்வுகளைத் தொகுத்தபோது, மருந்தில்லாத போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் முதல் தவணைக்குப் பின் 35% பேர் தலைவலி, அசதி போன்றவற்றைச் சொன்னார்கள். மருந்தே போகவில்லை, அதை எதன் ‘விளைவு’ என்பது?

‘ஒவ்வாமை’யும் இதே பாடுபடுகிறது. காய்ச்சல் வந்தவரெல்லாம் “எனக்கு ஊசி ஒவ்வாமை” என்கிறார்கள். தடிப்பு, மூச்சுத்திணறல் என்று சில நிமிடங்களிலேயே கிளம்பக்கூடிய அபூர்வமான ஆபத்து அது. ஊசி போட்டபின் அரை மணி உட்காரவைப்பது அதற்காகத்தான். குழந்தைகளுக்கான ‘வலியில்லா ஊசி’ இன்னொரு கூத்து. அதுவும் ஊசிதான், குத்தினால் வலிக்கும். அதில் கக்குவான் இருமல் கிருமியை முழுதாகச் சேர்க்காமல் சில புரதங்களை மட்டும் எடுத்துச் செய்வதால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, அவ்வளவே.

அக்காவிடம் “பின்னாடி ஒன்றும் வராது, வந்தால் ஊசிக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் போய்விடும்” என்றேன். அதுவும் வரவில்லை. மறுநாள் காலையிலேயே, “ஊசி பிடிக்கலையோ?” என்று வாசலில் நிற்கிறார். அந்த ஃபைசர் கணக்கையே திருப்பிச் சொன்னேன்: காய்ச்சல் வந்தது நூற்றில் அதிகம் போனால் 16 பேருக்கு, ஊசி கொடுத்த பாதுகாப்போ 95%.