காட்டில் மிஞ்சும் மரத்தைப் பயோசார் ஆக்க அமெரிக்காவில் கிடைக்கும் அரசு உதவி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீயின் வேகத்தைக் குறைக்க, நெருக்கமாக வளர்ந்த மரங்களை வெட்டிக் கலைக்கிறார்கள். நல்ல மரம் ஆலைக்குப் போய்விடும். கிளையும் நுனியும் கோணல் கட்டையும் குவியலாகக் கிடக்கும். மழை, பனிக் காலத்தில் அவற்றைக் கொளுத்திவிடுவதே வழக்கம். அது பெரிய வீண். சூளையில் பயோசார் எனப்படும், மண்ணில் இடும் கரியாக்கினால், மரத்திலுள்ள கார்பனில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் தங்கும்.

இதற்கு உதவுவது வேளாண் துறையைச் சேர்ந்த இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பான என்.ஆர்.சி.எஸ். நடத்தும் 'ஈக்விப்' என்ற மானியத் திட்டம். அதில் ஒவ்வொரு வகை வேலைக்கும் ஓர் எண் உண்டு; இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். வெட்டிய கிளைகளை அப்புறப்படுத்துவது 384. பயோசார், கம்போஸ்ட் போன்றவற்றை மண்ணில் இடுவது 336. இந்த 336 வந்தது 2022-இல். எதற்கு எவ்வளவு தொகை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே இரண்டைப் பற்றியும் கேளுங்கள்.

தனியார் காடு, விவசாய நிலம் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். முதலில் வேளாண் துறையின் பண்ணைச் சேவை அமைப்பான எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் பண்ணை எண் வாங்க வேண்டும். அப்புறம் சி.பி.ஏ.-1200 என்ற விண்ணப்பப் படிவம். ஆண்டு முழுவதும் கொடுக்கலாம் என்றாலும், தேர்வுக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரு கடைசித் தேதி வைத்திருக்கும். தேசிய வனத்திலிருந்து மரம் எடுப்பதானால் வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்காதீர்கள். ஆர்வத்தில் முந்திக்கொண்டால் அந்த வேலைக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். பணமும் பொதுவாக வேலை முடிந்து, அதிகாரி சரிபார்த்த பிறகே வரும். செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும். புதிய விவசாயிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 90 வரை. இந்த இரு தரப்பினரும் பொருள் வாங்குவதற்கான தொகையில் பாதியையாவது முன்பணமாகக் கேட்கலாம். கையில் காசில்லாதவர்களுக்கு இது உண்மையான உதவி, கேட்கத் தயங்க வேண்டாம்.

சூளையும் திறந்தவெளி நெருப்புதான். உள்ளூர்த் தீயணைப்புத் துறை, காற்றுத்தர விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ந்த, ஏறக்குறைய ஒரே பருமனான விறகை அடுக்கி மேலிருந்து பற்றவைத்தால் புகை குறையும். கரிமேல் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் தண்ணீர் ஊற்றி முழுதாக அணைக்க வேண்டும்.

மண் பரிசோதனையை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். பயோசார் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. அமில மண்ணுக்கு நல்லது, ஏற்கனவே காரமான நிலத்தில் கெடுதல் செய்யக்கூடும். புதுக் கரியை அப்படியே போட்டால் முதலில் அது தழைச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கம்போஸ்டுடன் கலந்து சில வாரம் ஊறவிட்டு இடுவது நல்லது.