கோடு கீழே இறங்கினால் பொருள் திரும்பிவிட்டதா?

இயற்பியல் விடைத்தாள் திருத்தும்போது வருடா வருடம் ஒரே தவறைப் பார்க்கிறேன். திசைவேகம்–நேரம் வரைபடத்தில் கோடு சரியத் தொடங்கியதுமே "பொருள் திரும்பி வருகிறது" என்று எழுதிவிடுகிறார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும்தான். வரைபடத்தைப் பாதையின் படமாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. செங்குத்து அச்சில் இருப்பது இடம் இல்லை, திசைவேகம்.

ஒரு சாய்தளத்தில் பந்தை மேல்நோக்கி உருட்டிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேல்திசை நேர்க்குறி. தொடக்கத்தில் வினாடிக்கு 6 மீட்டர், 3ஆவது வினாடியில் பூச்சியம், 5ஆவது வினாடியில் −4, எல்லாம் ஒரே நேர்கோட்டில். முதல் 3 வினாடியும் கோடு இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் பந்து மேலேதான் ஏறுகிறது, வேகம் மட்டும் குறைகிறது. கோடு நேர அச்சை வெட்டுகிற இடத்தில்தான் பந்து திரும்புகிறது.

முடுக்கம் என்பது கோட்டின் சாய்வு. 5 வினாடியில் 10 குறைந்திருக்கிறது, ஆக −2 மீ/வி². "3ஆவது வினாடியில் பந்து நிற்கிறதே, அப்போது முடுக்கமும் பூச்சியம்தானே?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். இல்லை. சாய்வு அங்கேயும் அதே −2தான். முடுக்கமும் பூச்சியமாகி அப்படியே இருந்திருந்தால் பந்து மேலேயே நின்றிருக்கும், திரும்பியே வந்திருக்காது. அப்புறம், முடுக்கம் எதிர்க்குறி என்றாலே வேகம் குறையும் என்று மனப்பாடம் செய்தவர்கள் கடைசி 2 வினாடியில் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அங்கே அதே −2தான் பந்தின் வேகத்தைக் கூட்டுகிறது.

சரி, பந்து இப்போது எங்கே? கோட்டுக்கும் நேர அச்சுக்கும் இடையிலான பரப்பைப் பாருங்கள். அச்சுக்கு மேலே 9 மீட்டர், கீழே 4 மீட்டர். கடந்த தொலைவு 13, இடப்பெயர்ச்சி 5. இந்த 5 பந்து இருக்கும் இடம் அல்ல, இடம் எவ்வளவு மாறியது என்பது மட்டும்தான். 2 மீட்டர் குறியிலிருந்து கிளம்பியிருந்தால் 3ஆவது வினாடியில் 11இல் இருக்கும், 5ஆவது வினாடியில் 7இல். கிளம்பிய இடத்தை இந்த வரைபடம் சொல்லவே சொல்லாது, கேள்வியில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

வளைந்த கோடு என்றால் தொடுகோடு வரைந்து சாய்வை எடுங்கள், பரப்புக்குக் கட்டங்களை எண்ணுங்கள். எண்ணும் முன் ஒரு கட்டம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள்: அகலம் 0.5 வினாடி, உயரம் 4 மீ/வி என்றால் ஒரு கட்டம் 2 மீட்டர்.