ஃபக்கைரோ: மரச்சிற்பமா, மரப்பொறிப்பா?

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மரத்தில் செய்யும் வேலைப்பாட்டுக்கு அவர்கள் மொழியில் பெயர் ஃபக்கைரோ. தமிழில் எழுத உட்கார்ந்தால் 'மரச்சிற்பம்' என்றுதான் முதலில் கைக்கு வரும். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் முக்கியமான விஷயம் அதில் விட்டுப்போகிறது.

சொல்லைப் பிரித்தால் 'ஃபக்க', 'இரோ' என்று இரண்டு துண்டு. 'ஃபக்க' என்பது ஒன்றைச் செய்விக்கும் முன்னொட்டு. அறி, அறிவி என்ற இணையில் நம் 'வி' செய்யும் வேலைதான் அது. நமக்குச் சொல்லின் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுக்கு முன்னால். 'இரோ' என்பதில்தான் கேள்வி. மாவோரியில் இரோ என்றால் புழு. புழு அரித்த மரத்தின் நெளிவுகளைப் போலச் செய்வது என்று அதை வைத்துச் சிலர் பொருள் சொல்வார்கள். எனக்கு அதைவிட உறவு மொழிகள் காட்டும் வழி நம்பத்தக்கதாகப் படுகிறது. மாவோரியில் 'ர' வரும் பல இடங்களில் தொங்கா, சமோவா மொழிகளில் 'ல' வரும். தொங்காவில் 'இலோ' என்றால் அறிதல். 'ஃபக்கஇலோங்கா' என்றால் அடையாளம், குறி. சமோவாவில் 'ஃபாஇலோங்கா', அதே பொருள். ஆக ஃபக்கைரோவின் அடியில் இருப்பது 'அறியச் செய்தல்', 'குறியிடுதல்'. மரம் என்பதே அந்தச் சொல்லில் கிடையாது. மரத்தில் செய்வதைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் 'ஃபக்கைரோ ராக்காவ்' என்பார்கள். ராக்காவ் என்றால் மரம்.

இந்தக் கலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. கடல் தெய்வம் தங்கரோவா ஒருவனுடைய மகனைக் கவர்ந்துபோய்த் தன் வீட்டு முகட்டில் உருவமாக நிறுத்திவிட்டது. தகப்பன் ரூவாதெபுபுக்கே கடலுக்கடியில் தேடிப்போனான். அந்த வீட்டின் உள்ளே இருந்த தூண்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. வெளியே முகப்பில் இருந்தவை பேசாதவை. வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு மகனோடு அவன் தூக்கிக்கொண்டு வந்தது அந்த வெளித் தூண்களைத்தான். அதனால்தான் மனிதர் செய்யும் உருவங்களுக்குப் பேச்சு இல்லை என்கிறது கதை. ஆனாலும் மாவோரிச் சபை வீட்டில் ஒரு தூணைக் காட்டி, இவர் எங்கள் இன்ன பாட்டனார் என்று பெயர் சொல்வார்கள். கூரையின் நடு உத்தரம் முன்னோரின் முதுகெலும்பு, சரிவில் இறங்கும் மரங்கள் விலா எலும்புகள். தெரிந்தவர்களுக்கு அந்த வீடே ஒரு வம்சாவளி.

சரி, இதை எப்படிக் கற்கிறார்கள்? ஊர்ப் பட்டறைகளில் ஆசானின் கையைப் பார்த்துத்தான். நல்ல வேலைக்குத் தோத்தாரா மரம் வேண்டும். கருவிகள் நம் தச்சர்களுக்குப் பழகியவை: தோக்கி என்பது வாய்ச்சி, ஃபாவோ என்பது உளி, கூடவே ஒரு கொட்டாப்புளி. பலகையில் முதலில் இணையிணையாகக் கோடுகள் இழுப்பார்கள், அதற்குப் பெயர் ஹயெஹயெ. கோடுகளுக்கு நடுவே நிற்கும் வரப்பில் உளியைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, நாய்ப்பல் வரிசை போல வெட்டிக்கொண்டே போவது பாக்கத்தி. இரண்டும் சேர்ந்து வளைந்து ஓடினால் ரவுபொங்கா, அதாவது பொங்கா என்னும் மரப்பெரணியின் இலை. புதிதாக வந்தவர் சீவல் சேர்ந்ததும் பழக்கத்தில் குனிந்து 'ஃபூ' என்று ஊதப் போவார். ஊதக் கூடாது. வாய்க்காற்று வேலையின் புனிதத்தைக் கெடுக்கும் என்பது மரபு. பலகையைச் சாய்த்துத் தட்ட வேண்டும், அல்லது தூரிகையால் தள்ள வேண்டும். அந்தச் சீவலை எரித்துச் சமைக்கவும் கூடாது.

இந்தக் கற்பித்தல் நடுவில் அறுந்துபோகப் பார்த்தது. அப்பிரானா ஙாத்தா என்ற தலைவர் 1926இல் சட்டம் கொண்டுவந்து, ரோத்தோருவா ஊரில் மாவோரிக் கலைப் பள்ளிக்கு வழி செய்தார். அங்கே பயின்ற பினே தையாப்பாவுக்கு உளி வேலை வந்தது, வாய்ச்சி பிடிக்கத் தெரியவில்லை. எராமிஹா கப்புவா என்ற முதிய ஆசானைத் தேடிப்போய்த்தான் அதைக் கற்றுக்கொண்டார். பழைய வீடுகளின் தூண்கள் பார்வைக்கு இருந்தன. மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்று தூண் சொல்லித்தராதே! 1940இல் வைத்தாங்கியில் திறந்த சபை வீட்டில் அந்தத் தலைமுறையின் வேலையைப் பார்க்கலாம்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். செதுக்குதல் கையின் செயலை மட்டும் சொல்கிறது. சிற்பம் என்றதும் கோயில் சிலைதான் கண்முன் வரும். நான் பரிந்துரைப்பது பொறிப்பு. பொறி என்றால் அடையாளம்: கரிகாலன் இமயத்தில் புலி பொறித்தான் என்கிறோம், இது யாருடையது என்று அறிவித்தான் என்றுதான் அதற்கு அர்த்தம். அப்புறம், நாம் உலகை அறியும் ஐந்து புலன்களின் வாயில்களும் ஐம்பொறிதான். குறியும் அறிதலும் ஒரே சொல்லில் நிற்கும் பொருத்தம் வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. கல்வெட்டு எழுத்தைப் போல மேலோட்டமான கீறலையே பொறிப்பது என்கிறோம், முழு உருவத்துக்கு அது போதுமா என்று கேட்கலாம். அந்தக் குறை உண்டுதான். ஆனால் ஃபக்கைரோவும் எலும்பு, கல், பாய் முடைவு என்று எதில் இடும் கோலத்துக்கும் செல்லும் சொல்.

ஆகவே ஃபக்கைரோ பொறிப்பு. ஃபக்கைரோ ராக்காவ் மரப்பொறிப்பு. அதில் தேர்ந்த தொஹுங்கா ஃபக்கைரோ பொறிப்பாசான். பொறிப்பு வீடு என்றால் 'ஃபரே ஃபக்கைரோ'. எழுதும்போது வல்லின றகரம் போடவேண்டும். இடையின ரகரம் போட்டால் அடுப்படிச் சொல்லாகிவிடும்.