ஒரு தெரு தள்ளி வைத்தால் காசு

சின்ன வயதில் பள்ளி விடுமுறை விட்டால் பினாங்கு ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் இருந்த மாமா கடைக்குப் போய்விடுவேன். முன்பக்கம் சோடா குறைந்தால் பின்கட்டிலிருந்து தூக்கி வர வேண்டும். பெட்டிக்குப் பத்து சென். மூன்றாம் நாளே சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. மாமா சாப்பிட உட்கார்ந்ததும் இரண்டு பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அவர் கை கழுவி வந்ததும் அதே பெட்டிகளைத் தூக்கி வந்தேன்.

“டேய், வித்ததைவிட நீ அடுக்குனது அதிகமா இருக்கே?”

நியூயார்க்கில் வாடகைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் சிலர் செய்ததும் இதுதான். 2016-இல் இங்கே பினாங்கில், ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விடும் லிங்க்பைக் வாடகைச் சைக்கிள் வந்தபோதே பார்த்திருப்பீர்கள்: மாலையில் எல்லாரும் காற்று வாங்கக் கடலோர எஸ்பிளனேடுக்கு மிதித்தால் அங்கே நிறுத்த இடமிருக்காது, கொம்தாரில் எடுக்க வண்டியிருக்காது. லாரியில் ஏற்றி மாற்றுவது செலவு. அதனால் நியூயார்க்கின் சிட்டி பைக், நிரம்பிய நிலையத்திலிருந்து காலி நிலையத்துக்கு வண்டியை மாற்றுபவர்களுக்குப் புள்ளி கொடுக்கிறது. புள்ளி பணமாகும்; 2024-இல் ஒரு வண்டிக்கு 4.80 டாலர் வரைகூடக் கிடைத்தது.

2024-இல் செய்தி வெளிவந்தது. பிராட்வே பக்கம் ஒரு கூட்டம், நிரம்பிய நிலையத்தின் சைக்கிள்களை ஒரே ஒரு தெரு தள்ளியிருந்த காலி நிலையத்தில் நிறுத்தியது. கொஞ்சம் பொறுத்து, எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே ஓட்டி வந்தது. இப்படி மாதம் 6,000 டாலர் வரை பார்த்தவர்கள் உண்டு.

ஓட்டை எங்கே? பாதி வண்டிகள் இடம் மாறியதுமே இரண்டு நிலையமும் சமம். வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் கணினி 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புள்ளியைத் திருத்தியது. அதற்குள் மீதி வண்டிகளையும் தள்ளிவிட்டால் அவற்றுக்கும் பழைய விலையே. அப்புறம் கணினி கண் விழித்துப் பார்க்கும்போது நிரம்பியது காலி, காலியானது நிரம்பியிருக்கிறது. திருப்பி ஓட்ட மறுபடி பரிசு!

இதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1998-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ரான்ட்லோவும் அல்ஸ்ட்ரோமும் கணினி நிரலுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கினார்கள் (ஆமாம், அதுவும் சைக்கிள்தான்). இலக்கை நோக்கி நகர்ந்தால் பரிசு. விலகினால் தண்டனை இல்லை. அது கிளம்பிய இடத்தையே வட்டமடிக்க ஆரம்பித்தது. வட்டத்தில் பாதி இலக்கை நோக்கித்தானே!

பினாங்கு மலையில் ஏறி இறங்கினால் நீங்கள் நிற்கும் உயரம் கூடிவிடாது. பரிசும் அப்படி இருக்க வேண்டும்: நெருங்கும்போது கொடுத்ததை விலகும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். 1999-இல் ஆண்ட்ரூ இங் (Ng), ஹராடா, ரஸ்ஸல் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவர் இதைக் கணிதமாக நிறுவினார்கள். நிரலிடம் இது செல்லும். காலியாகிவரும் நிலையத்தில் அவசரத்துக்கு ஒரு வண்டி எடுப்பவரிடம் புள்ளியைப் பறித்தால், அடுத்த நாள் அவர் பஸ்ஸில் போய்விடுவார்.

மாமா கணிதம் படித்தவரில்லை. பெட்டிக் கணக்கை விட்டுவிட்டு, சாயங்காலம் காலி போத்தல்களை எண்ணிக் காசு கொடுக்க ஆரம்பித்தார். நான் சோடா குடிக்க ஆரம்பித்தேன்.